சுவருக்கு வெளியே நடந்தவர்

மழை வலுத்தால்தான் அவர் வேலைக்கு வருவார். வெயில் நாளில் போன் செய்து கூப்பிட்டால், "இப்ப வந்து என்னத்தப் பாக்குறது? மழை வரட்டும், வர்றேன்" என்று வைத்துவிடுவார். நாங்கள் சிமெண்ட் மூட்டைகளுக்குத் தார்ப்பாய் போர்த்திவிட்டு ஷெட்டுக்குள் ஒதுங்குகிற நேரத்தில் கேட் அருகே அவருடைய ஸ்கூட்டர் வந்து நிற்கும். செருப்பைக் கழற்றி வண்டியிலேயே போட்டுவிட்டு, சல்வாரை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு சேற்றில் இறங்குவார். ஓடுகிற தண்ணீருக்குப் பின்னாலேயே நடப்பார். எங்கே தேங்குகிறது, எங்கே திரும்புகிறது, எந்த இடத்தில் வேகம் எடுக்கிறது என்று நின்று நின்று பார்ப்பார். எங்கள் எல்லைக்கல் வந்ததும் நான் நின்றுவிடுவேன். அவர் நிற்க மாட்டார். வரப்பில் ஏறி அடுத்தவன் வயலுக்குள் போய்க்கொண்டே இருப்பார்.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. என் கையால் அந்தப் பெயரை ஒரே ஒரு முறை எழுதியிருக்கிறேன், போலீஸ் ஸ்டேஷனில். அது போதும்.

குடவாசல் போகும் சாலையில் ஒரு தனியார் கல்லூரி கட்டிக்கொண்டிருந்தோம். மூன்று போகம் விளைந்த நிலம் என்று சொல்வார்கள். நான் அங்கே சைட் இன்ஜினியர். கட்டடம் போக மீதியுள்ள நிலத்தில் மழைத் தண்ணீர் எங்கே நிற்க வேண்டும், எப்படி வடிய வேண்டும், எங்கே என்ன மரம், என்ன புல் என்று வடிவமைத்துக் கொடுப்பது அவர் தொழில். சென்னையில் படித்தவர். கும்பகோணத்தில் வாடகைக்கு மாடி வீடு எடுத்து, அதிலேயே ஆபீசும் வைத்திருந்தார். கூத்தாநல்லூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அவருடைய அப்பா பண்ணையாளாக இருந்தவர் என்பது எனக்கு மூன்றாவது வருஷம்தான் தெரிந்தது. அதையும் அவராகச் சொல்லவில்லை.

என்னைவிட எட்டு வயது சின்னவர். என்னை "சார்" என்றுதான் கூப்பிடுவார். அந்த "சார்" என்னைச் சுட்டுவிடும். கோபம் வராமல் அவர் பேசி நான் கேட்டது குறைவு. ஆனால் ஒன்று, சித்தாள் முதல் முதலாளி வரை எல்லோரையும் ஒரே "ங்க" போட்டுத்தான் திட்டுவார். "ஏங்க, கண்ணு தெரியலையா உங்களுக்கு? புல்லுச் சரிவு மேல கலவையக் கொட்டி வெச்சிருக்கீங்களே!" அஞ்சலை என்ற சித்தாளை நாங்கள் எல்லோரும் வா, போ என்று அழைத்துக்கொண்டிருந்தோம். அவர் மட்டும்தான் "அஞ்சலை, கொஞ்சம் வாங்க" என்பார்.

முதல் நாள் அவர் வரப்பேறிப் போய் ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பினார். தொடைவரை சேறு.

"மேற்கால இருக்கே ஒரு தெரு, அது என்ன தெரு சார்?"

"புதுத்தெருன்னு சொல்லுவாங்க மேடம். விவசாயக் கூலி ஆளுங்க. நம்ம சித்தாளுங்க பாதிப் பேரு அங்கேருந்துதான் வர்றாங்க."

"அந்தத் தெருத் தண்ணி, அதுக்குப் பின்னால இருக்குற வயல் தண்ணி, எல்லாம் உங்க நிலத்துக்குள்ள ஓடுற வடிகால் வழியாத்தான் ஆத்துக்குப் போவுது. உங்க பிளான்ல அந்த வடிகாலையே காணோம்."

"அது சின்ன ஓடைதானே மேடம்."

"சின்ன ஓடையா? அத மூடுனா அந்தத் தெருவே குளமாயிடும். யாரு போட்ட பிளான் இது?"

நான் போட்டதுதான். சொல்லவில்லை. அவருக்கும் தெரிந்திருக்கும்.

தாளாளருடன் நடந்த முதல் கூட்டத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வருகிறது. தாளாளர் பருத்த, அமைதியான மனிதர். யாரிடமும் குரல் உயர்த்தாமலே காரியத்தைச் சாதித்துக்கொள்வார். முகப்பில் கொரியன் புல், நடுவில் இரண்டு டால்பின்கள் வாயிலிருந்து தண்ணீர் பீய்ச்சுகிற நீரூற்று, மீதி இடமெல்லாம் சிமெண்ட் கல் என்பது அவர் ஆசை.

"டால்பினுக்கு இங்க என்னங்க வேலை?" என்றார் மேடம். "இந்த ஊர் மீனு குறவை, கெளுத்தி. அதுங்களுக்கே இடம் இல்லாம பண்ணிட்டு, சிமெண்ட்ல டால்பின் வெக்கப்போறீங்களா?"

தாளாளர் சிரித்தார். "மேடம், மழைநீர் சேகரிப்பெல்லாம் நாங்க முறையா பண்ணியிருக்கோம். கேட்டுப் பக்கத்துல தொட்டி வெட்டி ஜல்லி போட்டாச்சு. அப்ரூவலே வாங்கியாச்சு."

மேடம் எழுந்து வெளியே போனார். பின்னாலேயே நாங்களும் போனோம். அஞ்சலையிடம் பத்து வாளித் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, அந்தத் தொட்டியில் ஊற்றச் சொன்னார். ஒரு நாற்காலியை இழுத்துத் தொட்டிக்குப் பக்கத்தில் போட்டு, "உக்காருங்க. தண்ணி எறங்குறதப் பாருங்க" என்று தாளாளரிடம் சொன்னார். டீ வந்தது. தண்ணீர் இறங்கவில்லை. சாப்பாட்டு நேரம் வந்தது. தண்ணீர் அப்படியே நின்றது, ஒரு தும்பி வந்து அதன்மேல் வட்டமிட்டுவிட்டுப் போனது. சாயங்காலம் தாளாளர் திரும்பி வந்து எட்டிப் பார்த்தபோதும் அதே தண்ணீர்தான்.

"களிமண்ணுங்க," என்றார் மேடம். "உள்ள குடிக்காது. வேற ஊருல பண்ணுனத அப்படியே இங்க கொண்டாந்து குழி வெட்டி ஜல்லி போட்டா, அது கொசுவுக்குக் கட்டுன வீடு."

பிறகு அஞ்சலையிடம், கோடையில் எந்தப் பக்கத்துக் கைப்பம்பு வற்றாது என்று கேட்டார். அஞ்சலை கொஞ்சமும் யோசிக்காமல் கிழக்கு மூலையைக் காட்டினார். "அந்தப் பக்கம்தாங்க. அங்க ரெண்டாள் ஆழத்துல மணல் ஓடுது. அந்தக் காலத்துல ஆறு அங்கதான் ஓடுச்சாம்." மறுநாள் அங்கே தோண்டினோம். மணல் வந்தது. அதே பத்து வாளித் தண்ணீர், ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் காணாமல் போனது. இத்தனைக்கும் நான் அந்த நிலத்தில் ஏழு மாதமாக இருந்தேன். அஞ்சலையிடம் ஒரு வார்த்தை கேட்டிருப்பேனா? மண்ணைத் தூக்கு என்பதைத் தவிர வேறு எதுவும் நான் அவரிடம் பேசியதில்லை.

தாளாளர் ஒப்புக்கொண்டார். டால்பின்கள் போயின. கூரைத் தண்ணீர் எல்லாம் ஆழமில்லாத புல் ஓடைகளில் நிதானமாக ஓடி, கிழக்கு மூலைக் குளத்தில் சேர்ந்தது. குளத்தின் கரையைச் செங்குத்தாக வெட்டவிடாமல் படிப்படியாகச் சரித்தார், நாரை இறங்கி நிற்க வேண்டுமாம். கரையில் வெட்டிவேரும் நாணலும், மேலே நீர்மருதும் நாவலும் புங்கனும் வைத்தார். மேற்குச் சுவரில் வடிகால் உள்ளே நுழைய மூன்று பெரிய கண்கள் விட்டார். புதுத்தெருத் தண்ணீர் அந்தக் கண்கள் வழியாக நுழைந்து, வடிகாலில் ஓடி, குளத்தை நிரப்பி, மிச்சம் கிழக்கே ஆற்றுக்குப் போனது. "இது டெல்டா சார். இங்க தண்ணிய நிறுத்தத் தெரிஞ்சா மட்டும் பத்தாது. போக விடவும் தெரியணும்" என்பார்.

நல்லவர் என்று எழுதிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. அவரை நான் வெறுத்த நாட்கள் நிறைய. உள்சாலையை நாலு அங்குலம் உயர்த்திப் போட்டுவிட்டேன் என்று இருபது கூலியாட்களுக்கு முன்னால் என்னை நிற்க வைத்துக் கேட்டார், "லெவல் பாக்கத் தெரியாமத்தான் இன்ஜினியர் ஆனீங்களா சார்?" மயிலாடுதுறையிலிருந்து லாரி நிறைய கோனோகார்பஸ் என்ற வெளிநாட்டு அழகு மரக் கன்றுகள் கொண்டுவந்த நர்சரிக்காரரை, ஒரு கன்றைக்கூட இறக்கவிடாமல் திருப்பி அனுப்பினார். அந்த மனிதர் வெயிலில் அத்தனை தூரம் வந்தவர். தண்ணீர் குடித்துவிட்டுப் போகச் சொல்லக்கூட இவருக்குத் தோன்றவில்லை. "இந்த மரத்துல ஒரு குருவி கூடு கட்டிப் பாத்திருக்கீங்களா?" என்று அவர் முகத்துக்கு நேரே கேட்டுக்கொண்டிருந்தார். நான்தான் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

அதே மனுஷிதான் ஒரு சித்திரை மாதத்தில் ஜேசிபிக்கு முன்னால் போய்க் கையை விரித்து நின்றார். வடிகாலைத் தூர்வாரிக்கொண்டிருந்தோம். காய்ந்து வெடித்த சேற்றுக்கு அடியில் ஈரத்தில் குறவை மீன்கள் புதைந்து உயிரோடு கிடந்தன. அரை நாள் வேலையை நிறுத்தி, அஞ்சலையும் அவருமாகச் சேற்றைக் கையால் கிளறி, ஒவ்வொன்றாக எடுத்துச் சிமெண்ட் சட்டியில் போட்டுக் குளத்துக்குத் தூக்கிப் போனார்கள். ஜேசிபி டிரைவர், "மேடம், ரெண்டு கொடுங்க, குழம்பு வெச்சுக்கிறேன்" என்றான். "ஐப்பசில வாங்க. குஞ்சு பொரிச்சுப் பெருகியிருக்கும், புடிச்சுக்குங்க" என்றார். அன்றைக்கு மட்டும் அவர் முகத்தில் கோபம் இல்லை என்று நினைவு.

மூன்று மழைக்காலம் அந்த ஏற்பாடு ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. குளத்துக்கு மடையான் கொக்கு வந்தது, நத்தைகுத்தி நாரை வந்தது. புதுத்தெருவில் ஒரு வீட்டு வாசலில்கூடத் தண்ணீர் நிற்கவில்லை. நான் அந்தக் கல்லூரியிலேயே பராமரிப்பு இன்ஜினியராகச் சேர்ந்துவிட்டேன். மேடத்துக்கு வேலை முடிந்து போய்விட்டது. ஆனாலும் மாதம் ஒரு முறை எனக்குப் போன் செய்வார். "குளத்துல தண்ணி எப்படி இருக்கு சார்? வடிகால்ல காட்டாமணக்கு மண்டாமப் பாத்துக்குங்க." அவ்வளவுதான். நலமா என்றுகூடக் கேட்க மாட்டார்.

நாலாவது வருஷம் ஆவணியில், தாளாளர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். ஆய்வுக் குழு வரப்போகிறது, பதினெட்டு பஸ் நிறுத்த இடம் வேண்டும் என்றார்.

"மேற்கால அந்த ஓடை சும்மாதானே கெடக்கு. மண்ணடிச்சு மூடி மேவிடுங்க."

"சார், அது வடிகால். மேடம் அப்பவே..."

"மேடம் வேலை முடிஞ்சு போயாச்சு. நீங்கதான் இப்ப இங்க இன்ஜினியர்." அவர் குரல் உயரவே இல்லை. "முடியாதுன்னா சொல்லுங்க. முடியறவங்களப் பாத்துக்கிறேன்."

முடியாது என்று நான் சொல்லவில்லை. பத்து நாள், டிராக்டர் டிராக்டராக மண் வந்தது. நானே நின்று மேவினேன். மேற்குச் சுவரின் மூன்று கண்களையும் செங்கல் வைத்து அடைத்துப் பூசினோம். பூச்சு நன்றாக வந்திருந்தது. புதுச் சுவர் எது, பழைய சுவர் எது என்று தெரியாத அளவுக்கு நேர்த்தியான வேலை. அதில் எனக்கு ஒரு திருப்திகூட இருந்தது. அதை நினைத்தால் இப்போது என் கையை எனக்கே பிடிக்கவில்லை.

அந்த வாரம்தான் போன் வந்தது.

"குளத்துல தண்ணி எப்படி இருக்கு சார்?"

"நல்லா இருக்கு மேடம்."

"வடிகாலு?"

"ஒண்ணும் பிரச்சினை இல்ல மேடம்."

கார்த்திகையில் புயல் சின்னம் கடலில் நின்றுகொண்டு மூன்று நாள் விடாமல் கொட்டியது. வயல்களின் தண்ணீர் எப்போதும்போல வடிகால் வழியே வந்தது. வந்து, எங்கள் சுவரில் முட்டி நின்றது. இரண்டாம் நாள் புதுத்தெருவில் முழங்கால் அளவு. மூன்றாம் நாள் விடியற்காலையில் இடுப்பளவு. பிள்ளைகளையும் ஆடுகளையும் தூக்கிக்கொண்டு ஜனங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். அஞ்சலை அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றிவிட்டு வரலாம் என்று வீட்டுக்குள் இருந்திருக்கிறார். ஊறியிருந்த மண்சுவர் அவர்மேல் விழுந்தது. இடது தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. கதவைக் கழற்றி அதில் கிடத்தி, தண்ணீருக்குள் தூக்கி வந்து டிராக்டரில் ஏற்றினார்கள்.

அஞ்சலையின் மகள் மேடத்துக்குப் போன் செய்துவிட்டாள். எனக்குச் செய்யவில்லை.

பஸ் ஓடவில்லை. ஒரு பால் வண்டியில் ஏறி, கடைசி இரண்டு மைல் தண்ணீரில் நடந்து, காலை பத்து மணிக்கு மேடம் வந்து சேர்ந்தார். உள்ளே வந்தார். வடிகால் இருந்த இடத்தில் மஞ்சள் பஸ்கள் வரிசையாக நின்றன. மேற்குச் சுவரைப் பார்த்தார். சுவருக்கு இந்தப் பக்கம் ஈரத் தரை. அந்தப் பக்கம் சுவரின் முக்கால் உயரத்துக்குத் தண்ணீர். என்னைத் திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை.

"ஜேசிபி இருக்குல்ல. எடுக்கச் சொல்லுங்க சார்."

நான் தாளாளருக்குப் போன் போட்டேன். "சுவத்துல கை வெச்சா கேஸுதான். பாத்துக்குங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். ஜேசிபி டிரைவர் வண்டிமேல் உட்கார்ந்து என்னையே பார்த்தான். ஒரு தலையசைப்புத்தான் தேவை. நான் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மேடம் ஷெட்டுக்குள் போய்க் கடப்பாரையை எடுத்து வந்தார். அவர் வைத்த கண் எது என்று அவருக்குத் தெரியும், நான் பூசிய பூச்சு அவரை ஏமாற்றவில்லை. நேராகப் போய் அந்த இடத்தில் குத்த ஆரம்பித்தார். சுவருக்கு அந்தப் பக்கம் மார்பளவு தண்ணீரில் நின்றிருந்த பெண்கள் நாலைந்து பேர் சுற்றிக்கொண்டு ஓடி வந்தார்கள். எல்லாம் என்னிடம் சித்தாள் வேலை பார்த்தவர்கள். ஒருத்தி மண்வெட்டி, ஒருத்தி சம்மட்டி. முதல் செங்கல் விழுந்ததும் தண்ணீர் பீறிட்டு வந்து மேடத்தைக் கீழே தள்ளியது. எழுந்து இரண்டாவது கண்ணுக்குப் போனார். நெற்றியில் ரத்தம் வழிந்தது. மழை அதைக் கழுவிக்கொண்டே இருந்தது.

அப்போது ஜேசிபி கிளம்பும் சத்தம் கேட்டது. டிரைவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பஸ்களை ஒதுக்கிவிட்டு, நான் பத்து நாள் நின்று மேவிய மண்ணைத் தண்ணீர் போகிற அகலத்துக்கு ஒன்றரை மணி நேரத்தில் வாரி எறிந்தான். வடிகால் பழைய தடத்திலேயே ஓடியது. சாயங்காலத்துக்குள் புதுத்தெருவில் தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கிவிட்டது.

மறுநாள் தாளாளர் புகார் எழுதி அனுப்பினார். அத்துமீறி நுழைந்தது, சொத்துக்குச் சேதம் விளைவித்தது. நேரில் கண்ட சாட்சி நான். ஸ்டேஷனில் அவர் பெயரை எழுதி, அடியில் கையெழுத்துப் போட்டேன். நெற்றியில் பிளாஸ்திரியோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார் மேடம்.

"கையெழுத்து உங்களுதுதானா சார்?"

"ஆமா மேடம்."

"அன்னிக்குப் போன்ல ஒண்ணும் பிரச்சினை இல்லன்னு சொன்னது?"

நான் வெளியே வந்துவிட்டேன்.

வழக்கு என்று ஆனதும் அவருக்கு வரவேண்டிய வேலைகள் ஒவ்வொன்றாக நின்றன. ஒரு மருத்துவமனையில் வரைபடத்தை வாங்கிக்கொண்டு ஆளை வேண்டாம் என்றார்கள். புதுத்தெரு ஜனங்கள் தாசில்தாரிடம் மனுக் கொடுக்க, சர்வேயர் வந்து சங்கிலி பிடித்து அளந்தார். அது வடிகால் புறம்போக்கு, கல்லூரி நிலமே இல்லை என்று தெரிந்தது. பஸ்கள் சாலையோரத்துக்குப் போயின. தாளாளருக்கு ஒன்றும் ஆகவில்லை. கல்லூரிக் கையேட்டின் அட்டையில் இப்போது அந்தக் குளமும் நாரைகளும் இருக்கின்றன. இயற்கையோடு இயைந்த வளாகம், எங்கள் தாளாளரின் கனவு என்று கீழே போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்த அன்று கையேட்டை நாலாகக் கிழித்தேன். கிழித்து என்ன ஆகப்போகிறது.

இரண்டு வருஷம் கழித்து என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். சுவரை இடித்தது யார் என்று கேட்டார் அரசு வக்கீல்.

"இடிச்சது அவங்கதான்," என்றேன். "அடைச்சது நான். தாளாளர் சொல்லி, நான் நின்னு அடைச்சேன். அது வடிகால்னு எனக்குத் தெரியும்."

வக்கீல் காகிதத்தைப் புரட்டினார். நீதிபதி ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். மறுநாளிலிருந்து எனக்கு வேலை இல்லை. சில மாதத்தில் மேடத்துக்கு விடுதலை கிடைத்தது.

சாட்சி சொன்ன அன்று கோர்ட் வராந்தாவில் அவரை நிறுத்தி, "மன்னிச்சுடுங்க மேடம்" என்றேன்.

"என்கிட்ட எதுக்கு?" என்றார். குரலில் அதே சூடு. "என் வீட்டுச் சுவரா விழுந்துச்சு?" பையைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. இப்போது கடற்கரைப் பக்கம் மீனவர் குடியிருப்புகளில் வேலை செய்கிறார் என்று கேள்விப்பட்டேன்.

புதுத்தெருவுக்குப் போக எனக்கு மேலும் ஒரு வாரம் பிடித்தது. அஞ்சலை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். ஊன்றுகோல் சுவரில் சாய்ந்திருந்தது. இனி அவர் தலைச்சுமை தூக்க முடியாது.

"எப்படி இருக்கீங்க அஞ்சலை?"

"இருக்கேன் சார்."

சொல்ல வந்ததைச் சொன்னேன். ஓடையை மூடியது நான்தான் என்றேன். அவர் கீரை உருவுவதை நிறுத்தவில்லை.

"தெரியும் சார். மண்ணு கொண்டாந்த டிராக்டர்ல ஒண்ணு என் தம்பி ஓட்டுனதுதான். எங்க கொட்டுறோம்னு அவனுக்கும் தெரியும். கூலி வேலை, என்ன பண்ணுவான். அன்னிலேருந்து இந்த வாசப்படி மிதிக்க மாட்டேங்குறான்." காம்பை எறிந்தார். "நீங்க கோர்ட்டுல உண்மையச் சொல்லிட்டீங்களாமே. மேடம் வந்திருந்துச்சு, சொல்லுச்சு."

"என்ன சொன்னாங்க?"

அஞ்சலை அடுத்த காம்பை எடுத்தார்.

"ரெண்டு மழை கழிச்சு சொன்னாருன்னு சொல்லுச்சு."

உட்காருங்கள் என்று அவர் சொல்லவில்லை. நின்றுகொண்டிருந்தேன்.